விரல் நீட்டுவது சாட்சியமாகாது

கேரட்டைக் கடித்தபடியே கொலைகாரனைத் தேடிய ஒரு துப்பறிவாளரைப் பற்றி இலக்கிய ஏட்டில் எழுதத்தான் வேண்டுமா என்று முகஞ்சுளிக்கும் பெரியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுக்கு மறுமொழியாகவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

1985-ஆம் ஆண்டு தூர்தர்ஷனில் 'கரம்சந்த்' என்றோர் இந்தித் தொடர் ஒளிபரப்பாயிற்று. துப்பறிதலும் நகைச்சுவையும் கலந்த தொடர் அது. சில காலம் ஓடிற்று, நின்றுவிட்டது. 2007-இல் சோனி தொலைக்காட்சி அதற்கு மறுபடியும் உயிர் கொடுத்துப் பார்த்தது. அம்முயற்சியும் நெடுநாள் நிலைக்கவில்லை. அச்சிறு தொடரை நம் இல்லங்களிற் பல, 'பிள்ளைகளுக்குக் குற்றம் கற்பிக்கும் கூத்து' என்று ஒதுக்கின. அதே இல்லங்கள், பிற்காலத்தில் ஆண்டுக்கணக்கில் ஓடிய குடும்பத் தொடர்களுக்குக் கூடத்தின் நடுவே பாய் விரித்தன. ஒதுக்க வேண்டியதை அரவணைத்து, அரவணைக்கத் தக்கதை ஒதுக்கிய தீர்ப்பு இது. இத்தீர்ப்பு மாற்றி எழுதப்பட வேண்டும் என்பதே என் வாதம்.

இது வெறும் பொழுதுபோக்கைப் பற்றிய வழக்கன்று. சந்தேகம் என்னும் நெருப்பை ஒரு சமுதாயம் எவ்வாறு கையாளுகிறது என்பது பற்றிய வழக்கு. அந்நெருப்புக்கு ஓர் உயிர் நம் பழவேற்காட்டு ஏரிக்கரையிலேயே இரையாயிற்று. அதனை உரிய இடத்தில் கூறுவேன்.

கரம்சந்தும் சாம்புவும்

தொடரைப் பார்த்திராத இளைய தலைமுறையினருக்காக முதலிற் சில செய்திகள். சென்னைக்குத் தொலைக்காட்சி வந்தது 1975 ஆகஸ்ட் 15-ஆம் நாள். 1982-இல், டில்லி ஆசிய விளையாட்டுப் போட்டிகளையொட்டி, வண்ண ஒளிபரப்பும் நாடு முழுதுக்குமான தேசிய நிகழ்ச்சியும் வந்தன. 1984-இல் 'ஹம் லோக்' தொடங்கியபின், வாரந்தோறும் கதை பார்க்கும் பழக்கம் ஊரூராகப் பரவிற்று. எங்கள் எளாவூர் போன்ற ஆந்திர எல்லையோரத்து ஊர்களிலும், ஏரிக்கரைக் குப்பங்களிலும், தெருவுக்கு ஒரு பெட்டி இருந்தால் அதுவே பெரிது. இந்தி அறியாத மீனவப் பெரியவர்களும், ஓதிக்கொண்டிருந்த எங்களைப் போன்ற மாணவர்களும் அந்தப் பெட்டியின் முன்னே ஒன்றாகவே உட்கார்ந்தோம்.

பங்கஜ் பராஷர் இயக்கிய அத்தொடரில் துப்பறிவாளர் கரம்சந்தாகப் பங்கஜ் கபூர் நடித்தார். அவருடைய உதவியாளர் கிட்டியாக நடித்தவர் சுஷ்மிதா முகர்ஜி. கருப்புக் கண்ணாடி, கையில் ஓயாத கேரட், விரைந்த பேச்சு, எதிரில் இருப்பவர் எவராயினும் அஞ்சாத கேள்வி: இவையே கரம்சந்தின் அடையாளங்கள். கொலை நடக்கும்; நாலைந்து பேர்மீது ஐயம் விழும்; ஒவ்வொருவரையும் தனித்தனியே வினவுவார்; சொன்ன சொல்லையும் கண்ட பொருளையும் ஒப்பிடுவார்; இறுதியில் முடிச்சு அவிழும். எல்லாரும் எவனை நோக்கி விரல் நீட்டினார்களோ, அவன் பெரும்பாலும் குற்றவாளியாய் இரான். மொழி புரியாதவனுக்கும் இது புரிந்தது.

தமிழுக்கு இவ்வகை புதிதன்று. தேவன் என்ற புனைபெயரில் எழுதிய ஆர். மகாதேவன் (1913–1957), 'துப்பறியும் சாம்பு'வை ஆனந்த விகடனில் 1942-இலேயே உலவவிட்டார். வங்கியில் எழுத்தராக இருந்து, அசடு என்று பெயரெடுத்து, வேலையிழந்த சாம்பு, தற்செயலாகத் துப்பறிவாளராகிறார். அவர் தடுக்கி விழும் இடத்தில் திருட்டு நகை அகப்படும். அவர் உளறும் சொல் குற்றவாளியை நடுங்க வைக்கும். இன்ஸ்பெக்டர் கோபாலன் வியப்பார், ஊர் மெச்சும். சாம்பு பின்னர் மேடையேறினார்; தொலைக்காட்சிக்கும் வந்தார். கரம்சந்த் அறிவினால் வென்றார். சாம்பு அதிர்ஷ்டத்தினால் வென்றார். இருவரும் நம்மைச் சிரிக்க வைத்தார்கள். ஆனால், நாம் எதைக் கண்டு சிரித்தோம்? 'எனக்குத் தெரியும், இவன்தான் செய்திருப்பான்' என்று முந்திக்கொண்டு அடித்துச் சொல்பவரின் உறுதியைக் கண்டே சிரித்தோம். அந்தச் சிரிப்பில் ஒரு பெரும் பாடம் அடங்கியிருக்கிறது.

சிரிப்பு அறிவுக்குப் பகையா?

எதிர்ப்பாளர்களின் முதற் குற்றச்சாட்டு, 'வேடிக்கையும் விகடமும் அறிவாளிகளுக்கு அழகல்ல' என்பது. இதனைக் கூறுவோர் நம் முன்னோரின் கிதாபுகளைப் புரட்டிப் பார்த்ததில்லை என்றே தோன்றுகிறது.

பக்தாதின் பேரறிஞர் இமாம் இப்னுல் ஜவ்ஸீ (ரஹ்) அவர்கள், ஹிஜ்ரி 597-இல், அதாவது கி.பி. 1201-இல் மறைந்தவர்கள். உபதேசத்தால் மக்களை அழவைத்த அப்பெருந்தகை, இரண்டு நூல்களைத் தனித்தனியே எழுதினார்கள். ஒன்று, கூர்மதியாளரைப் பற்றிய 'கிதாபுல் அத்கியா'. மற்றொன்று, அசடர்களையும் ஏமாளிகளையும் பற்றிய 'அக்பாருல் ஹம்கா வல் முகஃப்பலீன்'. முதல் நூல் கரம்சந்தின் இனம். இரண்டாவது சாம்புவின் இனம்! ஒரே எழுதுகோல் இரண்டையும் எழுதிற்று. அறிவின் அருமையை அறிய அசட்டுத்தனத்தையும் அறிந்திருக்க வேண்டும் என்பதை அவ்வறிஞர் உணர்ந்திருந்தார்கள்.

அக்கூர்மதியாளரின் வரிசையில் பஸராவின் காழி இயாஸ் இப்னு முஆவியா (ரஹ்) அவர்களுக்குத் தனியிடம் உண்டு. கலீஃபா உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்கள் காலத்தில் நீதிபதியாய் இருந்தவர். அவரைப் பற்றி ஒரு நிகழ்ச்சி கூறப்படுகிறது. ஒருவன் தன் நண்பனிடம் பணத்தை ஒப்படைத்துவிட்டுப் பயணம் சென்றான். திரும்பிவந்து கேட்டபோது, 'நீ எனக்குத் தரவேயில்லை' என்று மறுத்துவிட்டான் நண்பன். சாட்சி இல்லை, எழுத்து இல்லை. வழக்கு காழியிடம் வந்தது. 'எங்கே கொடுத்தாய்?' 'இன்ன இடத்தில் ஒரு மரத்தடியில்.' 'சரி, நீ போய் அம்மரத்தடியைப் பார்த்து வா. ஒருவேளை அங்கேயே புதைத்து மறந்திருப்பாய்' என்று வழக்காளியை அனுப்பிவிட்டார் காழி. மறுத்தவனை அருகில் உட்கார வைத்துவிட்டு, மற்ற வழக்குகளைக் கவனிக்கலானார். இடையில், எதையோ நினைத்துக்கொண்டவர் போல, 'இந்நேரம் உன் தோழன் அந்த மரத்தை எட்டியிருப்பானா?' என்று கேட்டார். 'இன்னும் இராது' என்றான் அவன். எந்த மரம் என்றே அறியாதவனுக்கு அதன் தூரம் மட்டும் எப்படித் தெரிந்தது? முடிச்சு அவிழ்ந்தது, பணம் உரியவனுக்குச் சேர்ந்தது.

அன்பர்களே! இது அரைமணி நேரத் துப்பறியும் தொடரன்றி வேறென்ன? அடி இல்லை, உதை இல்லை, மிரட்டல் இல்லை. ஒரு கேள்வி, அதை எங்கே, எப்போது கேட்பது என்ற அறிவு, கேட்பவன் உதட்டிலே ஒரு புன்முறுவல். இதை அரபுக் கிதாபில் ஓதினால் அறிவு, இந்தித் தொடரில் பார்த்தால் கேடு என்பது எந்த ஊர் நியாயம்?

மூன்று ஆப்பிள்களின் பாடம்

இரண்டாவது குற்றச்சாட்டு, 'கொலையும் களவும் காட்டும் கதை, கொலையையும் களவையும் கற்பிக்கும்' என்பது. இதற்கு மறுமொழியாக, 'ஆயிரத்தோர் இரவுகள்' தொகுதியில் உள்ள மூன்று ஆப்பிள்களின் கதையை நினைவூட்டுகிறேன். உலகின் பழைய துப்பறியும் கதைகளுள் ஒன்றாக அறிஞர்கள் இதனைக் கருதுகின்றனர். மீனவர் வாழும் ஊரில் இருந்து எழுதும் எனக்கு, இக்கதை ஒரு மீனவரின் வலையிலிருந்து தொடங்குவது கூடுதல் மகிழ்ச்சி.

கலீஃபா ஹாரூன் அர்ரஷீத், வறிய முதிய மீனவர் ஒருவரை டைகிரிஸ் ஆற்றில் வலைவீசச் சொல்லி, வருவது எதுவாயினும் நூறு பொற்காசு தருவதாகக் கூறுகிறார். வலையில் பூட்டிய பெட்டி ஒன்று வருகிறது. உள்ளே வெட்டுண்ட ஒரு பெண்ணின் உடல். கலீஃபா சினந்து, அமைச்சர் ஜஃபரை நோக்கி, 'மூன்று நாளில் கொலையாளியைக் கொண்டுவா. இல்லையேல் உன்னைத் தூக்கிலிடுவேன்' என்கிறார். ஜஃபர் செய்தது என்ன? வீட்டிலே உட்கார்ந்திருந்தார்! துப்பறியவில்லை, ஊரைச் சுற்றவில்லை. நம் சாம்புவாவது தெருவில் இறங்கித் தடுக்கி விழுந்தார். ஜஃபர் திண்ணையை விட்டே இறங்கவில்லை. நான்காம் நாள் தூக்குமேடையருகே ஓர் இளைஞனும் ஒரு முதியவரும் முண்டியடித்து வந்து, 'நானே கொன்றேன், நானே கொன்றேன்' என்று போட்டியிடுகின்றனர். முதியவர் கூறியது பொய். அவர் இளைஞனைக் காக்க வந்த அவனுடைய மாமனார். உயிரிழந்தவளோ அவருடைய சொந்த மகள்.

இளைஞன் ஏன் கொன்றான்? நோயுற்ற மனைவி ஆசைப்பட்டாள் என்று, பஸரா வரை பயணம் சென்று மூன்று ஆப்பிள்கள் வாங்கி வந்தான். பின்னர் ஒரு நாள், கடைத்தெருவில் ஓர் அடிமையின் கையில் அவற்றுள் ஒன்றைக் கண்டான். 'என் காதலி தந்தாள்' என்று அவன் பெருமையடித்தான். இளைஞன் வீட்டுக்கு ஓடினான். ஓர் ஆப்பிள் குறைந்திருந்தது. அவ்வளவுதான், அவனுக்கு எல்லாம் மெய்யாகிவிட்டது, மனைவியைக் கொன்றான். பிறகுதான் சிறுவன் அழுதுகொண்டே வந்தான்: 'வாப்பா, நான்தான் அந்த ஆப்பிளை எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போனேன், ஓர் ஆள் பிடுங்கிக்கொண்டான்.'

இக்கதை கொலை செய்யக் கற்பிக்கிறதா? ஒரே ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் ஓர் உயிர் பிழைத்திருக்கும் என்று கற்பிக்கிறதா? ஆப்பிள் குறைந்தது உண்மை. அடிமையின் கையில் இருந்ததும் உண்மை. இரண்டு உண்மைகளுக்கு நடுவே இருந்த இடைவெளியை அவன் சந்தேகத்தால் நிரப்பினான். துப்பறியும் கதை அந்த இடைவெளியிலேதான் நின்றுகொண்டு, 'பொறு, இன்னும் கேட்க வேண்டியது இருக்கிறது' என்று சொல்லும். அந்தக் குரலைப் பிள்ளைகள் கேட்கக் கூடாது என்றா கதவைச் சாத்துகிறோம்?

கூடத்தில் பாய் விரித்த சந்தேகம்

இனி, அத்தொடரை ஒதுக்கிய வீடுகள் பின்னாளில் எதனை ஏற்றன என்று பார்ப்போம். 1993-இல் சன் தொலைக்காட்சி தொடங்கிற்று. 1999 தொடங்கி நெடுந்தொடர்களின் காலம் பிறந்தது. 'கோலங்கள்' 2003 முதல் 2009 வரை, 1500 பகுதிகளுக்கு மேல் ஓடிற்று. அவற்றில் நடித்தவர்கள் திறமையானவர்கள். பெண்களின் துயரை அவை பேசின என்பதையும் மறுப்பதற்கில்லை. என் வழக்கு அவற்றின் கட்டமைப்பின் மீது.

துப்பறியும் தொடர் சந்தேகத்தைத் தொடங்கி, விசாரித்து, முடித்துவைக்கிறது. நெடுந்தொடரோ சந்தேகத்தை முடித்துவைத்தால் நாளைக்குக் கதையில்லை. மாமியார் மருமகளை ஐயுறுவாள். ஒட்டுக்கேட்ட அரைகுறைப் பேச்சு முழுப் பழியாக வளரும். ஒரு நிமிடம் இருவரும் உட்கார்ந்து பேசினால் தீரக்கூடிய ஐயம் ஆறு மாதம் நீளும். பார்க்கும் நமக்கு உண்மை தெரியும், கதைமாந்தருக்குத் தெரியாது. அவர்கள் கேட்காமலே தண்டிப்பதை நாம் நாள்தோறும் பார்க்கிறோம். விசாரணையே இல்லாத சந்தேகத்தை, ஒரு வேளை உணவு போல, வீடு பழகிக்கொள்கிறது. கரம்சந்த் நின்று போனதற்காக எவரும் கண்ணீர் விடவில்லை. ஆனால் அத்தகைய தொடர்களோடு விசாரிக்கும் பழக்கமும் வீட்டுக் கூடத்திலிருந்து வெளியேறியது என்பதை நாம் உணர வேண்டும்.

இப்போது அந்தக் கூடத்துச் சந்தேகம் கைப்பேசிக்குள் குடிபுகுந்துவிட்டது. யாரோ அனுப்பிய படம், யாரோ பேசிய ஒலிப்பதிவு, 'இவனைக் கண்டால் எச்சரிக்கை' என்று ஒரு வரி. அனுப்பியவர் யார், எந்த ஊர்ப் படம், எந்த ஆண்டுச் செய்தி என்று எவரும் வினவுவதில்லை. விரல் ஒருமுறை அழுந்தினால் நூறு வீடுகளுக்குப் போய்ச் சேருகிறது.

ஏரிக்கரையில் ஓர் உயிர்

2018 மே மாதம், குழந்தை கடத்துவோர் ஊருக்குள் புகுந்துவிட்டார்கள் என்ற வதந்தி வாட்ஸ்அப் வழியாகத் தமிழகத்தின் வட மாவட்டங்களிற் பரவிற்று. அம்மாதம், நம் ஏரியின் தென்முனையில் உள்ள பழவேற்காட்டில், தெருவில் திரிந்த ஒரு மனிதரைக் குழந்தை கடத்துபவர் என்று ஐயுற்ற கூட்டம் அடித்துக் கொன்று, பாலத்திலே தொங்கவிட்டது. அதே நாட்களில் திருவண்ணாமலை மாவட்டத்தில், குலதெய்வக் கோயிலுக்குச் செல்லும் வழியில் பிள்ளைகளுக்கு இனிப்புக் கொடுத்த ஒரு மூதாட்டியும் இதே ஐயத்தினால் அடித்துக் கொல்லப்பட்டார்.

அன்பர்களே! பழவேற்காடு நமக்கு வெறும் பெயரன்று. மரக்காயர்களின் பழைய துறை. அரபுத் தமிழ்ச் சுவடிகளைப் பேணிய ஊர். 1613-இல் டச்சுக்காரர் கோட்டை கட்டிய ஊர். அந்த ஏரியில் 'பாடு' என்றொரு முறை உண்டு. எந்தக் குப்பத்தார் எந்த நாளில் எந்த இடத்தில் வலை கட்டுவது என்பதை, சண்டை வராதபடி முறைவைத்துப் பங்கிட்டுக்கொள்ளும் ஏற்பாடு அது. இறாலைப் பங்கிட இவ்வளவு பொறுமையும் ஒழுங்கும் கண்ட ஏரிக்கரையில், ஒரு மனிதர்மீது பழி சுமத்த மட்டும் எந்த முறையும் இல்லாமற் போனது எப்படி? 'நீ யார்? எங்கிருந்து வருகிறாய்? எந்தக் குழந்தை காணாமற் போயிற்று?' என்ற மூன்று கேள்விகள் கேட்கப்பட்டிருந்தால் போதுமே! காணாமற் போன குழந்தை என்று ஒன்று இருந்ததா என்பதல்லவா எந்தத் துப்பறிவாளரும் கேட்கும் முதற் கேள்வி?

ஒரு நகைச்சுவைத் தொடரைப் பார்த்திருந்தால் அக்கூட்டம் கலைந்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. அவ்வளவு எளிதான மருந்து உலகில் இல்லை. ஆனால், கேள்வி கேட்கும் பழக்கம் ஒரே நாளில் வருவதன்று. பிள்ளைப் பருவத்தில், விளையாட்டாக, சிரிப்போடு வர வேண்டும். கூட்டத்தில் நூறு பேர் இருந்தால், 'பொறுங்கள்' என்று சொல்ல ஒருவர் போதும். அந்த ஒருவரை எங்கே வளர்த்தெடுக்கப் போகிறோம்?

பழி எப்போதும் எளியவர் மீதே முதலில் விழுகிறது. வலை காணாமற் போனாலும், படகு இயந்திரம் காணாமற் போனாலும், குப்பத்தின் ஓரத்தில் குடிசை போட்டிருப்பவனையே ஊர் பார்க்கிறது. மை போட்டுப் பார்ப்பவரிடம் ஓடுகிறது. அவர் சொல்லும் அடையாளம் அந்த ஓரத்துக் குடிசைக்கே பொருந்துகிறது. 1993-இல் கடலூர் மாவட்டத்தில், திருட்டுப் பழி சுமத்தப்பட்ட ராஜாக்கண்ணு என்னும் ஏழை, காவலில் அடித்துக் கொல்லப்பட்டார். அவ்வழக்கை நடத்திய வழக்கறிஞர் சந்துரு பின்னாளில் உயர்நீதிமன்ற நீதிபதியானார். 2021-இல் 'ஜெய்பீம்' திரைப்படம் அக்கதையைச் சொல்லிற்று. அந்தத் திரைப்படத்தின் உயிரும் துப்பறிதலே அல்லவா? சொல்லப்பட்ட பொய்க்கும் நடந்த உண்மைக்கும் இடையே இருந்த இடைவெளியை, ஒவ்வொரு சாட்சியமாக அடுக்கி நிரப்பியதே அக்கதை. தான் ஐயுறப்படும்போது நீதி வேண்டும் என்று கேட்பவன், அடுத்தவன் ஐயுறப்படும்போதும் அதையே கேட்க வேண்டும். இது நம் சமுதாயத்துக்குக் கூடுதலாகவே பொருந்தும். பெயரையும் தாடியையும் கண்டு விரல் நீட்டப்படுவதன் வலியை நாம் அறிவோம்.

துருவுதலும் விசாரித்தலும்

மூன்றாவது குற்றச்சாட்டு கனமானது; அறிந்தோரிடமிருந்து வருவது. 'பிறர் குறையைத் துருவித் துருவி ஆராய்வது மார்க்கத்தில் விலக்கப்பட்டதல்லவா? துப்பறிவாளன் செய்வது அதுதானே?' என்பது.

இங்கே ஒரு வேறுபாட்டை உணர வேண்டும். அல்குர்ஆனின் 'ஹுஜுராத்' அத்தியாயம் வீண் சந்தேகத்தையும், துருவுதலையும், புறம் பேசுதலையும் தடுக்கிறது. அதே அத்தியாயமே, நம்பத்தகாத ஒருவன் செய்தி கொண்டுவந்தால், அறியாமையினால் ஒரு கூட்டத்துக்குத் தீங்கிழைத்துவிடாதிருக்க, அதனைத் தீர விசாரிக்கும்படியும் கட்டளையிடுகிறது. இரண்டும் ஒரே அத்தியாயத்தில் வந்திருப்பதைச் சிந்தியுங்கள். மூடிக்கிடக்கும் கதவுக்குள் குறை தேடுவது துருவுதல், அது விலக்கப்பட்டது. வெளிப்பட்டுவிட்ட தீங்கில், குற்றமற்றவன் சிக்காதபடி உண்மை தேடுவது விசாரித்தல், அது கடமை.

கலீஃபா உமர் (ரலி) அவர்களைப் பற்றி ஒரு செய்தி கூறப்படுகிறது. இரவில் ஒரு வீட்டினுள் தவறு நடப்பதாக ஐயுற்று, சுவரேறி உள்ளே இறங்கிவிட்டார்கள். வீட்டுக்காரனோ, 'நான் செய்தது ஒரு தவறு. நீங்கள் செய்தவை மூன்று. துருவினீர்கள், வாசல் வழியே வரவில்லை, சலாம் சொல்லவில்லை' என்றான். கலீஃபா அவனைத் தண்டிக்காது திரும்பினார்கள். ஆட்சியாளரின் கைக்கே எல்லை கட்டிய மரபு இது. ஹதீஸ்களை அறிவிப்போரின் வாய்மையை ஒவ்வொருவராகச் சோதித்து, யார் யாரைச் சந்தித்தார், எந்த ஆண்டில் சந்தித்தார் என்று கணக்கிட்ட 'அஸ்மாஉர் ரிஜால்' கலையும் இதே மரபின் பிள்ளைதான். குற்றம் சாட்டுபவனே சான்று காட்ட வேண்டும் என்பது நம் ஃபிக்ஹின் அடிப்படை. இந்நாட்டின் 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டமும் சான்று காட்டும் சுமையை வழக்குரைப்பவன் மீதே வைத்தது. காவல் அதிகாரியிடம் தரும் ஒப்புதல் வாக்குமூலத்தைச் செல்லாதென்றது. 2024 ஜூலை முதல் அதன் இடத்துக்கு வந்துள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியமும் அவ்விரு நெறிகளையும் கைவிடவில்லை.

தொடரின் குறைகள்

நான் வழக்காடுவதால் கரம்சந்தைக் குறையற்றவராகக் காட்டவேண்டிய கடமை எனக்கில்லை. கிட்டி வாயைத் திறந்து எதையேனும் கேட்கும்போதெல்லாம், வாயை மூடச் சொல்வதே கரம்சந்தின் வழக்கமான நகைச்சுவை. நாடே அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. பிறர் கேட்கத் தயங்கும் எளிய கேள்வியைக் கேட்கிறவளையே அடக்குவது, கேள்வியின் மீது கட்டப்பட்ட தொடருக்குப் பொருந்தாத முரண். நம் வீட்டுப் பெண்பிள்ளைகள் அதைப் பார்த்துச் சிரிக்கும்போது, 'கிட்டி கேட்டது சரியான கேள்விதானே?' என்று தாய்மார்கள் சொல்லிக் கொடுக்க வேண்டும். சாம்புவின் கதையிலும் ஒரு குறை உண்டு. அதிர்ஷ்டம் எப்போதும் அப்பாவியைக் காக்கும் என்ற மயக்கத்தை அது தந்துவிடக் கூடும். பழவேற்காட்டில் அதிர்ஷ்டம் வரவில்லை.

என் செய்யலாம்?

பெற்றோரே, ஆசிரியர்களே! பிள்ளைகளோடு ஒரு துப்பறியும் கதையைப் பாருங்கள், அல்லது படியுங்கள். முடிவுக்குச் சற்று முன்னே நிறுத்துங்கள். 'யார் செய்திருப்பார்?' என்று கேளுங்கள். பிள்ளை ஒரு பெயரைச் சொன்னதும், 'எதைக்கொண்டு சொல்கிறாய்?' என்று அடுத்த கேள்வியைப் போடுங்கள். 'அவன் முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது' என்று பிள்ளை சொன்னால், சேர்ந்து சிரியுங்கள். அந்தச் சிரிப்பு ஆயிரம் உபதேசத்துக்குச் சமம். மதரஸாக்களில் காழி இயாஸின் தீர்ப்புகளைக் கதையாகச் சொல்லுங்கள். மரத்தடி வழக்கைப் பிள்ளைகளை நடித்துக் காட்டச் சொல்லுங்கள்.

நம் எழுத்தாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். எகிப்தின் தவ்ஃபீக் அல்ஹகீம், நாட்டுப்புறத்தில் அரசு வழக்குரைஞராகப் பணியாற்றிய அனுபவத்தைக் கொண்டு, 1937-இல் ஒரு நாட்குறிப்பு நாவலை எழுதினார். ஒரு கிராமத்துக் கொலை; விசாரணை; எங்கும் காகிதமும் முத்திரையும்; சிரித்துக்கொண்டே படிக்கிறோம். இறுதியில் கொலைகாரன் அகப்படுவதேயில்லை. ஏழைக்கு நீதி எட்டவில்லை என்ற உண்மை மட்டும் நெஞ்சிலே தைக்கிறது. தமிழ் முஸ்லிம்களின் புனைகதையும், 1885-இல் இலங்கையில் சித்தி லெப்பை அவர்கள் எழுதிய 'அசன்பே சரித்திரம்' என்னும், கடத்தப்பட்ட குழந்தை ஒன்றின் கதையோடுதான் நாவலுக்குள் அடியெடுத்து வைத்தது. அப்படித் தொடங்கிய நமக்கு, ஏரிக்கரையில் உலவி, வலை எங்கே போயிற்று என்று சிரிக்கச் சிரிக்க விசாரித்து, ஓரத்துக் குடிசைக்காரனைப் பழியிலிருந்து மீட்கும் ஒரு துப்பறிவாளரைப் படைக்க முடியாதா? அவர் கேரட் கடிக்க வேண்டாம்; அவித்த வேர்க்கடலையைக் கொறித்தாற் போதும்!

நீண்ட காலம் ஓடியது என்பதனால் ஒன்று நல்லதாகிவிடாது. விரைவில் நின்று போயிற்று என்பதனால் ஒன்று அற்பமாகிவிடாது. அரைமணி நேரத்தில் ஓர் ஐயத்தைத் தொடங்கி, வினவி, தீர்த்துவைத்து, 'அவசரப்பட்டாயே' என்று நம்மைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போன அந்தச் சிறு தொடர், நம் வீடுகளுக்கு ஒரு நன்மையைச் செய்ய வந்தது. தொடர் நின்றுவிட்டது; அதன் வேலை நிற்கவில்லை. அடுத்த முறை உங்கள் கைப்பேசியில் ஒரு முகம் குற்றவாளி என்று வந்து நிற்கும்போது, அதைப் பிறருக்கு அனுப்புமுன், 'சாட்சியம் எங்கே?' என்று உங்கள் பிள்ளையின் முன்னிலையில் உரக்கக் கேளுங்கள். விரல் நீட்டுவது எளிது, அது சாட்சியமாகாது. இதனை உணரும் உள்ளத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக!